நீட்டிய கை

மாதிரி விமானத்தின் இன்ஜின் வானத்தில் நின்றுபோனால் எல்லாரும் முதலில் கார்புரேட்டரைத்தான் திட்டுவார்கள். பாவம், அது ஒன்றும் செய்திருக்காது. எங்கள் விம்மெரா வட்டார மாதிரி விமான கிளப்பில் முப்பது வருடமாக இதைச் சொல்லிவருகிறேன், சார்ஜென்ட். முதலில் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

உள்ளே ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும், நுனியில் பித்தளைக் குண்டோடு. எரிபொருள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டு அங்கே போய்விடும். குழாயின் மேல்பகுதியில் ஓர் ஊசித்துளை போதும். டேங்க் நிறைந்திருக்கும்போது துளை மூழ்கியிருக்கும், இன்ஜின் ஒழுங்காக ஓடும். பாதி காலியானதும் காற்றை உறிஞ்சிக் கீச்சிட்டு நின்றுவிடும். இறக்கி, நிரப்பினால் மறுபடியும் ஓடும். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கிளப் நண்பன் லிண்ட்சேயின் விமானக் குழாய்களில் துளை போட்டது நான்தான். என் மனைவி மேவிஸ் இறந்த பிறகு என் ஷெட்டுக்கு வந்த ஒரே ஆள் அவன். இன்ஜின் நின்றால் புதன்கிழமை பிஸ்கட்டோடு வருவான். நான் நிதானமாகப் பழுது பார்ப்பேன்; அவன் டீ குடித்தபடி தன் கோதுமையைப் பற்றிப் புலம்புவான். புதுக் குழாய் மாட்டிக் கொடுப்பேன். அதிலும் துளை இருக்கும். நான்கு வருடம் இப்படியே போயிற்று. விமானம் எப்படியும் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும், யாருக்கும் கெடுதல் இல்லை.

ஜனவரிக் கோடையில் அந்த ஞாயிறு நாற்பது டிகிரி வெயில்.

"மெர்வ், உனக்கு விடுதலைடா," என்றான் லிண்ட்சே. "அடுத்த வாரம் பேட்டரி விமானம் வாங்கறேன். டேங்கும் இல்ல, குழாயும் இல்ல."

"அப்போ இதை என்ன பண்ணுவ?"

"கடைசியா ஒரு தடவை பறக்கவிடறேன். இன்னைக்கும் நின்னுச்சுன்னா, எல்லார் முன்னாடியும் டேங்கை அறுத்துப் பாத்துடறேன். உள்ள என்ன பேய் இருக்குன்னு தெரிஞ்சாகணும்."

ஆறாவது நிமிடம் நின்றது. தூரத்தில் இடுப்பளவு காய்ந்த புல்லுக்குள் விழுந்தது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விழுந்த இடத்தைப் பார்த்தவன் அசையாமல் நின்று அந்தத் திசைக்குக் கையை நீட்டியே இருக்க வேண்டும். தேடுபவன் திரும்பித் திரும்பிப் பார்த்து வழியைச் சரிசெய்துகொள்வான். லிண்ட்சேக்கு வெயிலில் கண் கூசிவிட்டது; அன்று பார்த்தவன் நான் மட்டும்தான்.

விமானம் குட்டைக்கு அருகே கிடந்தது. நான் எதிர்ப்பக்கம் இருந்த யூகலிப்டஸ் மரங்களைக் காட்டினேன். மாலையில் தனியாகப் போய்க் குழாயை மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவன் தண்ணீர் எடுத்துப் போகவில்லை. இதய மாத்திரை காரிலேயே இருந்தது. இரண்டும் எனக்குத் தெரியும்.

மூன்று முறை திரும்பிப் பார்த்தான். "இன்னும் தள்ளியாடா?" என்று கத்தினான். என் கையை நம்பி மேலும் நடந்தான். அதை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. பிறகு அவனுடைய வெள்ளைத் தொப்பி புல்லுக்குள் சாய்ந்தது. அதையும் பார்த்தேன்.

மற்றவர்கள் நிழலில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து யாரோ, "லிண்ட்சே எங்கப்பா?" என்றார்கள்.

"தேடிக்கிட்டு இருக்கான்," என்றேன்.

அவன் உடலைத் தூக்கி வரும்வரை நானும் அதே வெயிலில்தான் நின்றேன், சார்ஜென்ட். தோள் மரத்துப்போயிற்று, ஆனாலும் கையை இறக்கவில்லை. கிளப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் கை காட்டிய இடத்துக்கு நேராகப் போய்த்தான் அவனை எடுத்தார்கள்.