சங்கிலிக்கு மெருகு போடும் விதம்

வெள்ளி வேலை நடக்கிற வீட்டில் புளி சீக்கிரம் தீர்ந்துபோகும். குழம்புக்கு ஒரு பங்கு என்றால் நகை கழுவ மூன்று பங்கு. இதற்காகவே எங்கள் மாமியார் கிருஷ்ணம்மா மாதம் ஒருமுறை என்னோடு சண்டை போடுவார்.

மேடம், தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்து நீங்கள் கொடுத்துவிட்டுப் போன படிவத்தில் ஒரே கேள்விதான் இருக்கிறது. விபத்தில் விரல்களை இழந்த அகிலா மறுபடி மெஷின் வேலைக்கு வரலாமா, பட்டறைப் பொறுப்பாளர் தேவயானியின் கருத்து என்ன. பதிலுக்கு நான்கு கோடு போட்டிருக்கிறது. அது எனக்குப் போதாது. தெலுங்கு பேசுவேன், எழுத வராது. உங்களுக்குத் தமிழ் படிக்க வரும் என்று சொன்ன தைரியத்தில் தனித்தாளில் எழுதுகிறேன். சித்தூரிலிருந்து உங்களை மறுபடி அலைய வைக்காத அளவுக்கு விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

அகிலா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரர் உமாபதியின் தம்பி சுரேஷ்பாபுவுக்கு வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் தம்பி இரண்டு பேரும் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார்கள். தறிக் கொட்டகையை ஒட்டிய அறைதான் என் வெள்ளிப் பட்டறை. 'என்' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஏழு மாதம் விடியற்காலை ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய் வந்தவள் நான். ரம்பம் பிடிப்பது, பற்றவைப்பது, கல் பதிப்பது எல்லாம் கையைச் சுட்டுக்கொண்டு கற்றேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். ஆறு வருடம் நகரிக்கு நான் அந்தச் சர்க்கரையாக இருந்தேன். என் வேலை சுமார்தான் என்று எனக்கே தெரியும். ஆனாலும் சந்தோஷமாக இருந்தேன்.

அகிலா எந்த வகுப்புக்கும் போனதில்லை. எனக்கு டீ கொண்டுவந்து கொடுப்பாள், காலி டம்ளருக்காகப் பின்னால் நிற்பாள். நின்றபடியே பார்த்துக் கற்றுக்கொண்டாள். கூடமாட இருக்கட்டும் என்று நான்தான் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். ஒரு வருடத்தில் கடுகு அளவு வெள்ளி மணிகளைக் கம்மலின்மேல் வரிசையாக வைத்துப் பற்றவைக்க ஆரம்பித்தாள். எனக்குப் பத்தில் நான்கு உருகி ஓடிவிடும். அவளுக்கு ஒன்றுகூட ஓடாது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டில் அது சிரித்துக்கொண்டே, அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே நடந்தது.

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

கெடுதல் எதுவும் செய்யவில்லை. சில வாக்கியங்களைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். சூடு காட்டிய வெள்ளி கறுத்துப்போகும். அமிலத் தண்ணீரில் போட்டு வெளுக்க வைக்க வேண்டும். வெளியே எடுக்கச் செம்பு இடுக்கியோ மர இடுக்கியோதான் ஆகும். இரும்பு இடுக்கி பட்டால் தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பெல்லாம் வெள்ளியின்மேல் ஏறி நகை சிவந்துவிடும். இதை நான் சொல்லவில்லை. ஒருநாள் பதினாறு மெட்டி சிவந்துபோயின. அவள் அழவில்லை. சாயங்காலம் வரை அந்த இடுக்கியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இரும்பு ஆவாது போலக்கீதுக்கா" என்றாள்.

அடிக்க அடிக்க வெள்ளி இறுகும், நடுநடுவே சிவக்கக் காய்ச்சி இளக வைக்காவிட்டால் விரிசல் விடும். இதையும் சொல்லவில்லை. இரண்டு காப்பு விண்டுபோனது. மூன்றாவதை அவளே அடுப்பில் காட்டினாள். "அடிச்சினே இருந்தா மொரண்டு புடிக்குது. கொஞ்சம் சூடு காட்டினா சாதுவாயிடுது. மனுசங்க மாதிரிதான், இல்லக்கா?" என்று என்னிடமே கேட்டாள்.

நான் மறைத்ததையெல்லாம் கெட்டுப்போன வெள்ளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது. கெட்ட வெள்ளியை உருக்கி மறுபடி தகடு அடித்துக்கொள்ளலாம், ஆகையால் அவளுக்கு நஷ்டமும் இல்லை. ஒரே ஒரு பாடத்தை மட்டும் வெள்ளி சொல்லித்தராது என்று எனக்குத் தெரியும். அதுவரை அதை நினைத்துப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

திருப்பதியில் ஹரிப்ரியா என்பவரின் கடைக்குத்தான் எங்கள் நகைகள் போகும். பிப்ரவரியில் அவர் பட்டறைக்கே வந்தார். ஒரு மணிக்கம்மலைக் கையில் எடுத்து, "ஈ சேதிப்பனி எவரிதி?" என்றார். யார் கைவேலை என்று கேட்டார். எங்களுடையது என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அகிலாவின் கையைப் பார்த்தார். இனி ஒவ்வொரு நகையோடும் செய்தவர் பெயர் போட்ட அட்டை வைக்கப் போவதாகச் சொன்னார். மாதிரிக்கு ஒன்று கொண்டுவந்திருந்தார். யார் கை என்று முன்பே தெரிந்துதான் கேட்டிருக்கிறார், அதில் தமிழிலும் தெலுங்கிலும் அகிலா என்று அச்சடித்திருந்தது. எனக்கு அட்டை இல்லையா என்று நான் கேட்கவில்லை. அகிலாதான் கேட்டாள்.

"அக்காதான் எல்லாம் சொல்லிக்குடுத்தாங்க. அவங்க பேரையும் போடுங்க."

அதை அவள் கேட்டிருக்கக் கூடாது, மேடம். பிச்சை வாங்கியதுபோல இருந்தது. மூன்று வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது சங்கிலி விஷயத்துக்கு வருகிறேன். மெருகு மோட்டாரின் துணிச்சக்கரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். மோதிரமோ கம்மலோ கைநழுவினால் பறந்து சுவரில் அடிக்கும், ஆபத்து அதோடு முடிந்தது. சங்கிலி அப்படியில்லை. அது துணிச்சக்கரத்தில் சிக்கினால் சுருட்டிக்கொள்ளும், பிடித்திருப்பதையும் சேர்த்து இழுக்கும். அதனால் சங்கிலியை ஒரு பலகையில் படுக்கவைத்து, இரண்டு முனையையும் அடித்து நிறுத்தி, சாண் சாணாகத்தான் மெருகு போட வேண்டும். எந்தக் காரணத்தைக்கொண்டும் விரலில் சுற்றிக்கொள்ளக் கூடாது. சென்னையில் எனக்கு முதல் நாளே சொன்ன பாடம் இதுதான். எங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் மோட்டாரைத் தொடவே விட்டார்கள்.

பட்டறையில் சங்கிலிகளுக்கு எப்போதும் நானே மெருகு போடுவேன். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், ஒரு கொலுசுச் சங்கிலியை அகிலாவிடம் கொடுத்தேன். நீயே போட்டுவிடு என்றேன். போலீசிடம் சொன்னபோது, அவளாக எடுத்துப் போனாள், நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றேன். அது சரியில்லை.

பலகை வழக்கமாக மோட்டார் பக்கத்தில் இருக்கும். அன்று இல்லை. காலையில் அதை நான்தான் பரண்மேல் போட்டிருந்தேன்.

அவள் சங்கிலியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யக்கா, வழுக்கிக்கினே போவுது. எப்டி புடிக்கிறது?" என்று கேட்டாள். ஒரு நிமிடம் கையிலிருந்த அரத்தால் ராவிக்கொண்டே இருந்தேன். வேண்டாம், இப்படிக் கொடு என்று சொல்லி வாங்கிக்கொள்ள அந்த ஒரு நிமிடம் தாராளம். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை என் மடியில் வைத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, சங்கிலியை இரண்டு சுற்றுச் சுற்றினேன். வளையல் போட்டுவிடுவதுபோல நிதானமாகத்தான் சுற்றினேன்.

"இப்போ நகராது, போடு," என்று சொல்லிவிட்டு மறுபடி அரத்தை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த அறையில் பன்னிரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. மோட்டார் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையிலிருந்த அரத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டு அணைத்தேன்.

புத்தூருக்கு ஆட்டோவில் கொண்டுபோனது நான். அங்கிருந்து திருப்பதிக்கு ஆம்புலன்சில் கூடப் போனதும் நான். இரண்டு விரலும் போய்விட்டது. "வெண்ணெ தெரண்டு வர நேரத்துல தாழி ஒடஞ்சிடுச்சே" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அதன்பின் நான்கு மாதம் அகிலாவுக்குச் சோறு ஊட்டினேன், தலை குளிப்பாட்டிப் பின்னிவிட்டேன், புடவைகூட நானே கட்டிவிட்டேன். கூடப் பொறந்தவகூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று தெருவே சொன்னது. அது நடிப்பு என்று நினைக்காதீர்கள். அந்த நான்கு மாதம்தான் அவள்மேல் எனக்கு உண்மையான பிரியம் இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம், "அக்கா கரெக்டாதான் சொன்னாங்க. நான்தான் ரொம்ப இறுக்கிப் புடிச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டில் இடது கையால் ரம்பம் பிடிக்கப் பழகினாள். எண்பது பிளேடாவது உடைந்திருக்கும். செப்டம்பரில் ஒரு மோதிரம் செய்தாள். மீதமிருக்கும் மூன்று விரலால் தகட்டை அமுக்கிக்கொண்டு இடது கையால் அறுத்தது. விளிம்பு நேராக வரவில்லை, அலை அலையாக இருந்தது. ஹரிப்ரியா அதை போனில் பார்த்துவிட்டு, இதேபோல இருபது வேண்டும் என்றார். அந்தக் கோணலைத்தான் கேட்டார், மேடம். நேராக அறுக்க நான் ஏழு மாதம் ரயிலில் போய் வந்தேன்.

போன வாரம் அகிலா மெருகு மோட்டாரின் முன்னால் போய் நின்றாள். "யக்கா, எடது கைல எப்டி புடிக்கணும்னு நீயே சொல்லிக்குடு. நீ பக்கத்துல இருந்தா எனக்கு பயமில்ல" என்றாள். படிவம் வரட்டும், பார்க்கலாம் என்றேன்.

படிவம் வந்துவிட்டது. என் கருத்து, கூடாது என்பதுதான். அவளை எந்த மெஷின் பக்கமும் விடாதீர்கள். உங்கள் கையெழுத்தோடு எழுத்தில் கொடுத்தால் மாமியாரும் கொழுந்தனாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். இதற்காக என்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் எடுங்கள், ஆனால் அதைவிட இது அவசரம். இவ்வளவையும் மறைக்காமல் எழுதியது அகிலாவின் நன்மைக்காகத்தான். நீங்கள் அனுமதி கொடுத்துவிட்டால், அவளுக்குச் சொல்லிக்கொடுக்க எங்கள் பட்டறையில் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை.