அன்புள்ள திரு. எலி அவர்களுக்கு

யோகநாதன்: “அன்புள்ள திரு. நாளைக்கு அவர்களுக்கு…” இதென்ன ராஜினி? ஆர் இந்த ‘நாளைக்கு’?

ராஜினி: உரக்காசு கேட்டா நாளைக்கு, நாளைக்கு எண்டுறவர். தர்மபுரத்தில கணபதி எண்டு மட்டும் ஏழு பேர் எங்களிட்டக் கடன் அண்ணை. எனக்கு ஒரு அடையாளம் வேணுமெல்லோ.

யோகநாதன்: அதுக்குக் கணக்கில பட்டப்பேரோ எழுதிறது? கமக்காரர் அமைப்புத் தலைவருக்குப் போயிருக்கு… “அன்புள்ள திரு. வாய் அவர்களுக்கு”!

ராஜினி: நான் எனக்கு எழுதி வைச்சது. ஊருக்கு அனுப்பினது உங்கட ஏஐ.

யோகநாதன்: நான் அனுப்பச் சொல்லேல்லை!

ராஜினி: சொன்னனீங்கள். காலமை அது கேட்டது, ‘நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் அனுப்பவா’ எண்டு. நீங்கள் போனில அக்காவோட… ‘ஓம்… ஓம்… ஓமப்பா…’

யோகநாதன்: அது மனிசிக்குச் சொன்ன ஓம்!

ராஜினி: அதுக்கென்ன தெரியும்? மூண்டு தரம் ஓம் எண்டனீங்கள். ஏதோ ஒரு கடிதத்தோட விட்டுதே, பெரிய காரியம்.

யோகநாதன்: விசரைக் கிளப்பாதையும். ஏச்சுத் தாங்கேலாமல் போனையும் நிப்பாட்டி வைச்சிருக்கிறன். ‘ரெண்டு வீடு’ எண்டு ஒருத்தன்… அவன்ர கடிதத்தை மனிசி வாசிச்சிட்டாளாம்.

ராஜினி: எந்த மனிசி?

யோகநாதன்: சிரிக்காதையும்!

ராஜினி: நான் ஏன் சிரிக்கிறன்? மாதக் கடைசியோட வேலையில்லாமல் வீட்டை போறவள். வவுனியாவில இருந்து கொம்பியூட்டர் ஆள் அனோஜன் வந்து, என்ர கணக்கு சொப்ட்வெயாரில ஏஐயைக் கொளுவி விட்டிட்டார். எட்டு வருசக் கணக்கை மூண்டு நிமிசத்தில படிச்சிட்டுதாம். கெட்டிக்காரப் பிள்ளை. தேத்தண்ணியும் கேக்காது.

யோகநாதன்: பிழை பிடிக்கத்தான் கொளுவினது. மேசை லாச்சியில காசு குறையுது.

ராஜினி: நான் எடுக்கிறன் எண்டுதானே அக்காட்டச் சொன்னனீங்கள்?

யோகநாதன்: சீச்சீ… குறையுது எண்டு மட்டும்தான்…

ராஜினி: லாச்சித் திறப்பு உங்களிட்டயும் என்னட்டயும்தான் இருக்கு. மிச்சத்தை அவா விளங்கிக்கொள்ளட்டும் எண்டு விட்டனீங்கள். எனக்கு நெஞ்சு எரிஞ்சுது அண்ணை. ஒரு சதம் தொட்டிருப்பனோ?

யோகநாதன்: சரி, அதை விடும். இஞ்ச பாரும்… ஆகக் கூடின கடன்… ஏழரை லட்சம்! ஆர் இந்த ‘எலி’?

ராஜினி: அதையும் விடுங்கோவன்.

யோகநாதன்: ஏழரை லட்சத்தை விடுறதோ? அவ்வளவு உரமோ வாங்கினவன்?

ராஜினி: உரம் வாங்கேல்லை. காசாத்தான் கொண்டு போறவர்.

யோகநாதன்: ஆளைச் சொல்லும்! இப்பவே உழவு மெசினைக் கொண்டு போய்ப் ஆளைப் பின் பெட்டியில ஏத்திக்கொண்டு வாறன்.

ராஜினி: ஏத்தலாம். உங்கட பாரம்தான் இருப்பார்.

யோகநாதன்: நீர் சொல்லமாட்டீர். இது சொல்லும். தம்பி, ஆர் இந்த எலி?

ஏஐ: வணக்கம். எலி என்பவர் நூற்றைம்பது வெள்ளிக்கிழமைகளில் தலா ஐயாயிரம் ரூபாய் லாச்சியிலிருந்து எடுத்துள்ளார். நேரம்: “அக்கா கோயிலுக்குப் போன பிறகு.” காரணம்: “முந்நூற்றி நாலு.” ஆனால் தொகை ஐயாயிரம். இது பதிவுப் பிழையாக இருக்கலாம்.

ராஜினி: பிழையில்லைத் தம்பி. அது தொகையில்லை, காட்ஸ் விளையாட்டு.

ஏஐ: விளக்கத்திற்கு நன்றி. எலியின் தொலைபேசி இலக்கமும் கடிதம் அனுப்ப ‘ஓம்’ சொன்னவரின் இலக்கமும் ஒன்றாக உள்ளன. அவருக்கும் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது. நினைவூட்டல் ஒன்றும் அனுப்பவா?

யோகநாதன்: ஓ… இல்லை! வேண்டாம்! நிப்பாட்டும் அதை!

ராஜினி: கவனம் அண்ணை. ஓம் எண்டிடாதேங்கோ.

யோகநாதன்: நீர்… எல்லாத்தையும் பாத்துக்கொண்டோ இருந்தனீர்?

ராஜினி: எழுதிக்கொண்டு இருந்தனான். எழுதாட்டி, குறையிற காசு என்ர தலையில விழும். எழுதியும் விழுந்துதுதானே.

யோகநாதன்: பிழைதான் பிள்ளை. மன்னிச்சுக்கொள்ளும். நீர் ஓரிடமும் போக வேண்டாம். சம்பளத்தையும் கூட்டுவம்…

ராஜினி: எந்த லாச்சியில இருந்து?

யோகநாதன்: பகிடி விடாதையும். கடை மனிசி நாகேஸ்வரின்ர பேரில கிடக்கு. அவா வர முதல் அந்தக் கணக்கை அழிச்சு விடும். எனக்கு எலி எண்டு பேர் வைச்சனீர் எண்டு தெரிஞ்சால், என்னை விடும், உம்மையெல்லோ ஏசுவா.

ராஜினி: பேர் வைச்சது நானில்லை அண்ணை. முதல் வெள்ளிக்கிழமையே அக்கா வைச்சிட்டா.