எந்தக் கப்பலிலும் வராத பாட்டு

உட்கார்ந்திருக்கும் நாற்காலியைவிட உயர்ந்த உள்ளம் படைத்த விழாத் தலைவர் அண்ணன் திருநாவுக்கரசு அவர்களே! அவரை இங்கே தலைவராக்கிவிட்டு வீட்டில் தாமே தலைமை தாங்கும் அண்ணியார் அவர்களே! லம்பா லைனிலிருந்து நடந்தும், அபர்டீன் பஜாரிலிருந்து ஆட்டோவிலும், லாங் ஐலண்டிலிருந்து படகிலும் வந்து குவிந்திருக்கும் பெரியோர்களே! மடியில் ஒரு பிள்ளையும், வாசலில் விட்ட செருப்பில் ஒரு கண்ணுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கி நிற்கும் மைக்செட் உரிமையாளர் சிலுவைராஜ் அவர்களே! அந்தப் பக்கம் தப்பித்தவறியும் பார்த்துவிடக்கூடாது என்று மூன்றாவது வரிசையில் முகத்தைத் திருப்பி அமர்ந்திருக்கும் அவருடைய மனைவி செலின் அவர்களே! நம் மன்றத்தின் ஆண்டு விழாவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் இந்த நீலாவதியின் வணக்கம்.

என்ன அங்கே? "பீச்சே ஆவாஸ் நஹி ஆ ரஹா"வா? பின்னால் கேட்கவில்லையா? ஐயா, இருபத்தாறு வருடம் கப்பல் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து "அடுத்த ஆள் வாங்க" என்று கத்திப் பழகிய தொண்டை இது. மைக் இல்லாவிட்டாலும் கப்பல் நிற்கும் ஜெட்டி வரைக்கும் கேட்கும்!

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "மன்றத்தின் பாட்டுச் சேமிப்பும் இலவச மென்பொருளும்". தலைப்பைக் கேட்டதும் நாலு பேர் எழுந்துவிட்டீர்கள். டீ இன்னும் கொதிக்கவில்லை, உட்காருங்கள். தலைப்புதான் காய்ந்து கிடக்கிறது. கதையில் கல்யாணம் உண்டு, ஒப்பாரி உண்டு, புருஷன் பெண்டாட்டி சண்டையும் உண்டு!

நம் தீவில் இன்டர்நெட் நொண்டியடித்த காலம் நினைவிருக்கிறதா? ஒரு பாட்டு இறங்குவதற்குள் ஒரு கப்பல் சென்னைக்குப் போய்த் திரும்பிவிடும். அந்தக் காலத்தில் மெயின்லாண்டுக்குப் போனவர்களிடம் நாம் என்ன கேட்டோம்? புடவை கேட்டோமா? பலகாரம் கேட்டோமா? பாட்டு கேட்டோம் ஐயா, பாட்டு! பென்டிரைவ் நிறையப் பாட்டு! கொண்டுவந்தவரை ஜெட்டியிலேயே மடக்கி, மன்றத்துக் கம்ப்யூட்டருக்கு அழைத்துவந்து, அதை ஏற்றிய பிறகுதானே வீட்டுக்கே விட்டோம்!

ஏற்றினோம், சரி. எப்படி ஏற்றினோம்? உலகமெல்லாம் பாட்டைப் பாடியவர் பெயரில் வைக்கும், படத்தின் பெயரில் வைக்கும். நாம்? வந்த கப்பலின் பெயரில், கொண்டுவந்தவர் பெயரில் வைத்தோம்! "மார்ச் கப்பல், உதயசூரியன்." "பொங்கல் கப்பல், வைஜெயந்தி." "புயலில் மூன்று நாள் நின்ற கப்பல், பாலகுமார்." ஒரு பாட்டு வேண்டுமென்றால் பாட்டை நினைத்தால் போதாது, பயணியை நினைக்க வேண்டும். அவர் எந்த மாதம் போனார், எதற்குப் போனார், மச்சினிச்சி கல்யாணத்துக்கா மூலத்துக்கு வைத்தியம் பார்க்கவா என்பதையெல்லாம் நினைக்க வேண்டும்!

சிரிக்கிறீர்கள். ஒரே பாட்டு இருபத்திரண்டு இடத்தில் இருந்தது. ஒன்றை அழிக்கலாம் என்றால் விடுவார்களா? "நான் வாந்தியெடுத்துக்கிட்டே கொண்டாந்தது, அதுல கை வெச்சே..." என்று சண்டைக்கு வந்த பெரியவர் இங்கேதான் இருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். உதயசூரியன் அண்ணே, குனிய வேண்டாம், சொல்ல மாட்டேன் என்றேனே!

இப்படி வளர்ந்தது பதினேழாயிரம் பாட்டு. பாதிக்குப் பெயர் "டிராக் ஒன்று", மீதிக்கு "டிராக் இரண்டு", "டிராக் ஏழு".

மூன்று வாரத்துக்கு முன்னால் லாங் ஐலண்டில் ஷோபனாவின் கல்யாணம். பெண் மேடைக்கு வருகிறாள். பட்டுச் சேலை பளபளக்க, பந்தல் முழுக்கப் பார்த்திருக்க, சிலுவைராஜ் நம் மன்றத்து டிஸ்க்கிலிருந்து "டிராக் ஏழு" என்பதைத் தட்டினார். என்ன வந்தது? நாதஸ்வரமா? இல்லை. "என்னைப் பெத்த மகராசா" என்று பத்துப் பெண்கள் மாரடித்து அழும் ஒப்பாரி! யார் செத்தது என்று மாப்பிள்ளையின் அப்பா உண்மையாகவே எழுந்து நின்றுவிட்டார்!

அந்தப் பந்தலில் செலினும் இருந்தார். புருஷன் பக்கத்தில் போய் மெதுவாகத்தான் கேட்டார்: "ஏங்க, நான் பாடுனது ஒண்ணு வச்சிருந்தீங்கள்லா? அதையாவது போட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

சிலுவைராஜ் தேடினார். தேடினார், தேடினார், கல்யாணச் சாப்பாடு ஆறும் வரை தேடினார். இல்லை!

எந்தப் பாட்டு அது? இருபத்து மூன்று வருடத்துக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில், கன்னிப் பெண்ணாக செலின் தானே கட்டிப் பாடிய பாட்டு. அன்று மைக்செட் போட வந்த இளைஞர் அதை கேசட்டில் பிடித்தார். பிடித்த பாட்டு பிடித்துப்போய், பாடியவரும் பிடித்துப்போய், பிறகு நடந்ததுதான் அவர்கள் கல்யாணம். கேசட்டை நம் ஊர் ஈரக்காற்று பூசணம் பிடிக்க வைத்துத் தின்றுவிட்டது. அதற்கு முன்பே மன்றத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாக அவர் நினைவு. எங்கே ஏற்றினார்? எந்தக் கப்பலில்? அது மட்டும் நினைவில்லை.

அன்றிலிருந்து செலின் அம்மா புருஷனோடு பேசவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, "அக்கா, சோறு வைக்கா, தண்ணி வைக்கா, பேச மட்டும் மாட்டேங்கா. மைக்செட்காரன் வீட்டுல சத்தமே இல்லக்கா" என்றார் சிலுவைராஜ். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. உள்ளதைச் சொல்கிறேன்.

அதே வாரம் நம் செயற்குழு என்ன தீர்மானம் போட்டது? ஆண்டு விழாவுக்குள் பாட்டுகளை ஒழுங்குபடுத்த வேண்டும், இல்லையேல் டிஸ்க்கை மொத்தமாக அழித்து வாசல் கேமராவுக்குப் பொருத்த வேண்டும்! யாருடைய தீர்மானம் என்று கேட்கிறீர்களா? தலைவர் அவர்கள் தண்ணீர் குடிக்கிறார், குடிக்கட்டும்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மென்பொருளும் கொண்டுவந்தார். பகட்டான மென்பொருள், படம் காட்டும் மென்பொருள், பாட்டைத் தவிர எல்லாம் செய்யும் மென்பொருள்! நம் கம்ப்யூட்டரோ அரசு ஏலத்தில் எடுத்த கிழட்டுக் கம்ப்யூட்டர். காலையில் ஏற்ற ஆரம்பித்தது மத்தியானச் சாப்பாட்டுக்கு முக்கால்வாசி ஏறி நின்றது. உள்ளே ஃபேன் சுற்றிய சத்தத்தில், ஹெலிகாப்டர் வருகிறதென்று இரண்டு பேர் வெளியே வந்து பார்த்தார்கள்!

அப்போது துணிந்தேன் நான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கவுண்டர் தெரியுமே! ஒவ்வொரு மென்பொருளையும் கவுண்டருக்கு வந்த பயணியாக நிறுத்திக் கேள்வி கேட்டேன். உன் லக்கேஜ் எவ்வளவு? இன்டர்நெட் அறுந்து போனால் நீ உயிரோடு இருப்பாயா? என் பாட்டை என்னைக் கேட்காமல் இடம் மாற்றுவாயா? நாளைக்கு நான் உன்னை விட்டுப் போனால் என் பட்டியலை என்னிடமே கொடுப்பாயா? முழித்ததையெல்லாம் வரிசையிலிருந்து வெளியே அனுப்பினேன்.

கடைசியில் வந்தது ஒன்று. பத்தே மெகாபைட்! இரண்டே பாட்டின் எடையுள்ள பயணி! இலவசம். பார்க்க அழகில்லை, பழைய ரேஷன் கார்டு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். அதை எழுதியவர்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறார்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர்கள்தானே கதவைத் திறந்து வைப்பார்கள்! பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். வேண்டுவோர் டீ நேரத்தில் வாருங்கள், பென்டிரைவோடு வாருங்கள்.

நானும் சிலுவைராஜும் உட்கார்ந்தோம். அது ஒரே பாட்டையெல்லாம் ஒன்றாக நிறுத்திக் காட்டியது. இருபத்திரண்டில் இருபத்தொன்றை அழிக்க வேண்டும். அழித்தால் உதயசூரியன் அண்ணன் விடுவாரா? அங்கேதான் கண்டேன் ஒரு கட்டம்! "குறிப்பு" என்றொரு கட்டம்! பாட்டு ஒன்றே இருக்கட்டும், கொண்டுவந்த இருபத்திரண்டு பேரின் பெயரும் கப்பலும் அந்தக் குறிப்பில் இருக்கட்டும் என்று எழுதினேன். ஒருவர் பெயரும் அழியவில்லை. கை தட்டுங்கள் ஐயா, இதற்குத் தட்டாமல் வேறெதற்குத் தட்டுவது!

பதினேழாயிரம், நாலாயிரமாய்ச் சுருங்கியது. அதில் பாடியவர் பெயர் இல்லாமல், ஒரே ஒரு பிரதியாய் நின்றவை அறுபத்தொன்று. கொண்டுவந்தவர்களையே அழைத்து, "இது என்ன பாட்டு, சொல்லுங்கள்" என்று ஒவ்வொன்றாய்ப் போட்டுக் காட்டினோம். எல்லாரும் உரிமை கொண்டாடினார்கள். போன ஞாயிற்றுக்கிழமை உதயசூரியன் அண்ணன் வந்தார். அவருடைய மார்ச் கப்பலில் ஒரு "டிராக் ஒன்று". கேட்டார், தலையைச் சொறிந்தார். "அரே பாப்ரே, இது நான் கொண்டாந்தது இல்லம்மா" என்றார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு பாட்டைத் தன்னுடையது இல்லை என்றார்!

திரும்பிப் பார்த்தேன். சிலுவைராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கேசட்டிலிருந்து ஏற்றிய அன்று, திறந்து கிடந்த மார்ச் கப்பலிலேயே அதையும் போட்டு மூடியிருக்கிறார் மனிதர்!

ஆம், செலின், கிடைத்துவிட்டது! உங்களிடம் சொல்லக்கூடாது என்று இந்த ஆறு நாளாய் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அன்பானவர்களே! நாலாயிரம் பாட்டுக்கும் குறிப்பு எழுதினேன். எல்லாம் கடல் தாண்டி வந்தவை. எல்லாம் மெயின்லாண்டிலிருந்து வந்தவை. இந்த ஒரு பாட்டுக்கு எந்தக் கப்பலை எழுதுவேன்? எந்தக் கப்பலிலும் வராத பாட்டு இது! இங்கே பிறந்த பாட்டு! இந்த மழையில், இந்த உப்புக்காற்றில், நம் வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிய பாட்டு! எத்தனை காலம் ஜெட்டியில் நின்று பாட்டு வருமா, பாட்டு வருமா என்று கேட்டோம்? நம்மிடமே ஒன்று இருந்ததே, அதற்கு ஒரு பெயர் எழுதி வைத்தோமா?

இப்போது எழுதியாயிற்று. நான் எழுதவில்லை. "பாடியவர்" என்ற கட்டத்தில் சிலுவைராஜ் ஒற்றை விரலால், எழுத்தைத் தேடித் தேடி, "செலின்" என்று தட்டினார். கால் மணி நேரம் ஆனது.

சிலுவைராஜ், போடுங்கள்!

கேட்கிறதா? இதுதான். இதுதான் அந்தக் குரல். செலின் எழுந்து நிற்கிறார். திரும்பிவிட்டார்! மைக்செட் பக்கம் பார்க்கிறார்! என்னம்மா? என்ன சொல்கிறீர்கள்? எல்லாரும் கொஞ்சம் அமைதி! "ஏங்க, அந்த டொம்மு டொம்மு பேஸைக் கொறைங்க, என் குரலே கேக்கல" என்கிறார்!

மூன்று வாரத்தில் முதல் பேச்சு ஐயா! குறையுங்கள் சிலுவைராஜ், சீக்கிரம் குறையுங்கள்!

டிஸ்க்கைக் கேமராவுக்குக் கொடுக்கும் தீர்மானத்தைத் தலைவர் அவர்கள் கையில் வைத்துக் கிழித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு நன்றி. பெயர் தெரியாத ஊரிலிருந்து நமக்காக அந்தப் பத்து மெகாபைட் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. பொறுத்திருந்து கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. மீதிப் பாட்டை செலின் மேடைக்கு வந்து பாடட்டும். நான் இடத்தைக் காலி செய்கிறேன். அடுத்த ஆள் வாங்க! வணக்கம்!