கொழுக்கட்டைப் புல்லுக்கு ஒற்றைச் சாட்சி

மேடையில் வீற்றிருக்கும் நம் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் எட்மண்ட் சார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பேராசிரியர் ஐயாவின் துணைவியார் ரத்தினபாய் அம்மா அவர்களே, கேம்ப் ரோட்டுக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் அந்தப் பக்கத்திலிருந்தும் வந்து, மூன்று மின்விசிறி போதாத இந்த ஹாலில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் பால்கார ஏகாம்பரத்தின் வணக்கம்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். மைக் பிடித்துப் பழக்கமில்லை. வாய் மட்டும் பழக்கம். உங்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் தினமும் காலையில் நக்கல் அடிக்கிறவன் நான்தான். இன்றைக்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பான் என்று பின்வரிசையில் சில முகங்கள் காத்திருப்பது தெரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த நக்கலைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நாம் இன்று அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் பேராசிரியர் அசரியா ஐயா யார்? முப்பது வருடத்துக்கு மேல் கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்தியவர். ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்தார்? புல்லின் பெயர்களைத் தேடினார். பெயரை மட்டுமா? அந்தப் பெயரை மனிதர்கள் எதற்கெல்லாம் சொல்கிறார்கள், எந்த நேரத்தில் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டு சொல்கிறார்களா, திட்டிச் சொல்கிறார்களா, அத்தனையும் தேடினார். கல்யாணப் பத்திரிகைகளை நாலாக வெட்டிச் சீட்டாக்கி, பின்பக்கத்து வெள்ளையில் எழுதுவார். எழுபத்து நாலு வயதில் பம்மலுக்கும் பொழிச்சலூருக்கும் பஸ் ஏறிப் போய் எழுதுவார். நம் காலனியில் எல்லார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் முதுகிலும் ஒரு புல்லின் பெயர் ஏறியிருக்கிறது.

நான் அவரை முதலில் பார்த்தது காலி மனையில். அறுத்துக்கொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்தி, இது என்ன புல் என்று கேட்டார்.

"மாடு துன்ற புல்லு சார்," என்றேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து, "இன்னொரு வாட்டி சொல்லுங்க, மெதுவா," என்றார். அதையும் எழுதிக்கொண்டார். நக்கல் அடித்த எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. பிறகு, அது கொழுக்கட்டைப் புல் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள் என்றேன். மாடு விரும்பித் தின்னும் புல். அதன் கதிர் சொரசொரவென்று இருக்கும், வேட்டியில் ஒட்டினால் விடாது.

அந்த ஒரு சொல்லுக்கு ஐயா எத்தனை சீட்டு சேர்த்தார் தெரியுமா? பொழிச்சலூரில் ஒரு அம்மா, மூன்று நாள் சவரம் செய்யாத மகனை, "மூஞ்சி கொழுக்கட்டைப் புல்லு மாறி கீது, போய் செரச்சிக்கினு வா," என்று விரட்டியது ஒரு சீட்டு. விருந்துக்கு வந்து பத்து நாள் ஆகியும் கிளம்பாத மச்சானை ஒரு லாரி டிரைவர் அந்தப் பேர் சொல்லித் திட்டியது இன்னொரு சீட்டு.

ஐயாவிடம் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் சொன்னால் அது ஒற்றைச் சாட்சி. அந்தச் சீட்டு பிஸ்கட் டப்பாவில் காத்திருக்கும். சம்பந்தமே இல்லாத இன்னொருவர், வேறு ஊரில், அதையே சொன்னால்தான் டப்பாவை விட்டு நோட்டுக்குப் போகும். தப்பு என்று தெரிந்தால் கிழிக்க மாட்டார். சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு அடித்து, தப்பு யாருடையது என்று கீழே எழுதிவைப்பார். "கிழிச்சிட்டா நாளைக்கு இன்னொருத்தன் இதே குழியில விழுவான் ஏகாம்பரம்," என்பார்.

போன வருடம் என் இரண்டு மாடுகளையும் ரோட்டில் திரிந்தன என்று மாநகராட்சிக்காரர்கள் பிடித்துப்போய்ப் பட்டியில் அடைத்தார்கள். தப்பு என்னுடையது, கட்டாமல் விட்டேன். நான் பட்டி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஐயா ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்சீட்டு முழுக்கப் புல்லுக் கட்டு. என் மாடுகளுக்கு மட்டுமா? உள்ளே நின்ற எல்லா மாட்டுக்கும். சட்டையெல்லாம் கதிர் ஒட்டியிருக்க, ஒவ்வொன்றுக்கும் பிரித்துப் போட்டுவிட்டு, பிறகுதான் என் பக்கம் வந்தார். அந்த மனிதரைத்தான் நான் ஏமாற்றினேன்.

சற்று முன் எட்மண்ட் சார் இங்கே பேசினார். கன்று செத்த பசுவுக்கு முதல் முதலாக வைக்கும் புல்லுக்குக் கொழுக்கட்டைப் புல் என்று பெயர், அதில் பசு வாய் வைத்தால் அதன் துக்கம் இறங்கிவிட்டது என்று அர்த்தம், காலை நடையின்போது ஐயா இதைத் தன்னிடம் சொல்லிக் கலங்கினார் என்றார். சங்கம் அச்சடிக்கப்போகும் ஐயாவின் புத்தகத்தில் இதுதான் முதல் பக்கம் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். சில தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள்.

எட்மண்ட் சார், அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எங்கள் வீட்டிலும் கிடையாது, எந்த மாட்டுக்கார வீட்டிலும் கிடையாது. அதை உண்டாக்கியவன் நான்.

போன மாதம் என் பசுவின் கன்று செத்தது. நாலு நாளாகப் பசு தீனி தொடவில்லை. நான் எரிச்சலில் இருந்தேன். ஐயா சீட்டும் பேனாவுமாக வந்து, இந்த மாதிரி நேரத்தில் என்ன வைப்பீர்கள், அதற்குப் பெயர் உண்டா என்று மெதுவாகக் கேட்டார். வாய் சும்மா இருக்குமா? கொழுக்கட்டைப் புல் என்று அளந்துவிட்டேன். அவர் கண் கலங்குவதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. சாவு வீட்டில்கூட, "கொழுக்கட்டைப் புல்லு வெச்சாச்சா?" என்று கேட்போம் சார், துக்கத்தில் இருப்பவர் சாப்பிட்டாரா என்று அர்த்தம் என்று இன்னும் இழுத்தேன். அன்றைக்கு டீக்கடையில் இதைச் சொல்லி எவ்வளவு சிரித்தோம்! என் பசு மறுநாள் வாய் வைத்தது வெறும் வைக்கோலில்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி வெயில். காலி கேன்களோடு வண்டியில் வருகிறேன். கேம்ப் ரோடு பஸ் நிறுத்தத்தில் ஐயா குடையோடு நிற்கிறார். இந்த வெயிலில் எங்கே சார் என்றேன்.

"பொத்தேரிக்கு. உங்க வார்த்தைக்கு ரெண்டாவது சாட்சி வேணுமில்ல? அங்க காலேஜுக்குப் பின்னாடி இன்னும் மாடு வச்சிருக்காங்களாம்."

அந்த நேரத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சார், அது பொய், சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், வண்டியில் ஏறுங்கள், வீட்டில் விடுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டாமா? வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. போய் அலைந்துவிட்டு வரட்டும், சாயங்காலம் சொன்னால் இன்னும் தமாஷாக இருக்கும் என்று நினைத்தேன். என்ன கேட்டேன் தெரியுமா?

"தண்ணி பாட்டிலு கீதா சார்?" என்று கேட்டேன்.

இருக்கு என்று பையைத் தட்டிக் காட்டினார். பஸ் வந்தது. நான் கை காட்டினேன். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

இரண்டரை மணிக்குப் பொத்தேரி பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெயில் என்றார்கள், நெஞ்சு என்றார்கள். டாக்டர் எதை வேண்டுமானாலும் எழுதட்டும். அவரை அந்த வெயிலுக்கு அனுப்பியது எது என்று எனக்குத் தெரியும்.

அடக்கம் முடிந்த மறுநாள் பால் ஊற்றப் போனேன். ரத்தினபாய் அம்மா கதவைத் திறந்தார். உள்ளே யாரோ கொண்டுவந்து வைத்த டிபன் கேரியர் திறக்காமல் அப்படியே இருந்தது. அம்மா என்னிடம் கேட்டார்.

"ஏகாம்பரம், எனக்குக் கொழுக்கட்டைப் புல் எப்போ வைக்கப் போறீங்க?"

ஐயா அவரிடம் சொல்லியிருக்கிறார். அவரும் நம்பியிருக்கிறார். ஐயோ, நான் எந்த வாயால் பதில் சொல்வது? கேனை இறக்கி வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை, திட்டவில்லை. உள்ளே போய், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஐயாவின் சட்டைப் பையிலிருந்த சீட்டையும், மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவையும் எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அவர் எப்படித் திருத்துவாரோ அப்படித் திருத்துங்க. அதுவரைக்கும் பால் வேண்டாம்."

இதோ அந்தச் சீட்டு. யாருடைய கல்யாணப் பத்திரிகையோ, மறுபக்கத்தில் மஞ்சள் தெரிகிறது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். "கொழுக்கட்டைப் புல். கன்று இழந்த பசுவுக்கு முதலில் வைக்கும் தீவனம். சொன்னவர், ஏகாம்பரம், சேலையூர். ஒற்றைச் சாட்சி." கீழே பென்சிலில்: "பொத்தேரி. முதல் வீடு, இல்லை. இரண்டாம் வீடு, இல்லை. மூன்றாம் வீடு." அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. வெள்ளையாக இருக்கிறது.

நேற்று அந்த மூன்றாம் வீட்டைத் தேடிப் போனேன். சுஜி என்று ஒரு பெண், நாலு மாடு வைத்திருக்கிறது. குடை வைத்த பெரியவரா என்று உடனே சொன்னது. அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று அது சொல்லியிருக்கிறது. அதற்கு ஐயா சொன்ன பதிலைக் கேட்டு வந்தேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா, எனக்குச் சொன்னவரு தெரிஞ்சவரு" என்றாராம். வேறு பெரியவர்கள் யாரிடமாவது கேட்டுவை, அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தாராம்.

மூன்று வீட்டில் இல்லை என்று கேட்ட பிறகும் என் சொல்லுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்த மனிதர் அவர். பன்னிரண்டு வருடமாக நான் அவரைக் கிண்டல் செய்தேன். பன்னிரண்டு வருடமாக அவர் என்னைச் சாட்சி என்று எழுதினார். இரண்டில் எது என்னைக் கொல்கிறது என்று கேட்காதீர்கள்.

பெரியோர்களே, ஒரு கேள்வி உங்களுக்கும் வரும். இப்போது ரத்தினபாய் அம்மாவே அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாரே, அது இரண்டாவது சாட்சி ஆகாதா? இவ்வளவு அழகாக இருக்கிறதே, புத்தகத்தில் இருந்துவிட்டுப் போகட்டுமே? எட்மண்ட் சார் முகத்தில் அந்தக் கேள்வி தெரிகிறது. ஆகாது சார். அம்மாவுக்குச் சொன்னவர் ஐயா, ஐயாவுக்குச் சொன்னவன் நான். ஒரே வாய். ஐயாவின் சட்டத்தில் அது செல்லாது. அழகாக இருக்கிறது என்பதற்காக அவர் ஒரு பொய்யைக்கூட நோட்டில் ஏற்றியதில்லை. அவர் போன பிறகு நாம் ஏற்றலாமா?

கொஞ்சம் நேரம் கொடுங்கள். எனக்கு எழுத நேரம் ஆகும்.

மூன்றாம் வீடு. இல்லை. எழுதிவிட்டேன்.

இதோ குறுக்கே கோடு. கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது. கீழே நான் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்: "இது பொய். சொன்னவன் ஏகாம்பரம்." இந்தச் சீட்டைப் புத்தகத்தில் இப்படியே போடுங்கள் சார், என் பெயரோடு.

டப்பாவில் இன்னும் நாற்பத்தொரு ஒற்றைச் சாட்சிகள் காத்திருக்கின்றன. அம்மா எண்ணிச் சொன்னார். இந்த மேடையில், உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். அந்த நாற்பத்தொன்றுக்கும் இரண்டாவது சாட்சியைத் தேடி நான் போவேன். வண்டியில் போவேன், வெயிலில் போவேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதிக் கொண்டுவருவேன். என் நாக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியும், அதனால் பக்கத்தில் யாராவது ஒருவர் கூட வாருங்கள்.

அம்மா, என் வீட்டுக்காரி காலையில் கொஞ்சம் கஞ்சி வைத்துத் தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டிருக்கிறாள். உங்கள் நாற்காலிக்குக் கீழேதான் இருக்கிறது. அதற்கு எங்கள் வழக்கில் பெயர் எதுவும் கிடையாது. வெறும் கஞ்சி.

சாப்பிடுங்கள் அம்மா.