பரணிநாதன் காட்டுவார், ஆதிமுத்து காட்டமாட்டார்

படம் பார்க்கப் போனால் இடைவேளையில்கூட நான் எழுந்திருக்க மாட்டேன், இன்ஸ்பெக்டரம்மா. பார்த்ததை மறுநாள் ஏரி வேலையில் சொல்ல வேண்டுமே. காவாந்தண்டலத்தில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களில் பாதிப்பேர் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. இந்தக் கோவிந்தம்மாள் வாய்தான் அவர்களுக்குத் திரை. பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வேன்.

டைரக்டர்களில் இரண்டே பேரைத்தான் நான் மதிப்பேன். பரணிநாதன் எல்லாவற்றையும் காட்டுவார். அரிவாள் ஓங்கும், ரத்தம் தெறிக்கும், பெற்றவள் மாரில் அடித்துக்கொண்டு புரளுவாள். சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுகிற கை அது. ஆதிமுத்து அப்படியில்லை. கொல்லப் போகிறவன் உள்ளே போவான், கதவு சாத்திக்கொள்ளும். வெளியே ஓர் ஆடு முருங்கைத் தழையை மென்றுகொண்டிருக்கும். அவ்வளவுதான். உள்ளே நடப்பதை நாமேதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மண் சுமக்கிறவளுக்கு ஆடு போதுமா? ஆதிமுத்து படத்தை நான் பரணிநாதன் மாதிரிச் சொன்னேன். அவர் சாத்தின கதவைத் திறந்து, உள்ளே விழுந்த ஒவ்வொரு வெட்டையும் சொன்னேன். பிரிஸ்கில்லா மண்வெட்டியைப் போட்டுவிட்டு அழுதாள்.

போன மாதம், எங்களோடு மண் சுமக்கிற சசிரேகா அதே படத்தைப் போனில் போட்டுக் காட்டினாள். கதவு சாத்தியது. ஆடு தின்றது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“இன்னாக்கா, டைரக்டர் எடுக்காத சீனெல்லாம் நீ எடுத்துக்கினு கீற? சம்பளம் இன்னா குடுத்தாரு?” என்றாள் சசிரேகா.

“நான் வேற மூணு நாளு சோறு துன்னாம அழுதேன்டி” என்று பிரிஸ்கில்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அதற்கப்புறம் போனைச் சுற்றித்தான் கூட்டம். இருபது வருஷம் தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னவள் தனியாக உட்கார்ந்து கூழ் குடித்தேன். கோபம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஏரிக்கரைப் புங்கமரத்தில், இலை மறைவில், குடத்தளவு கதண்டுக் குளவிக் கூடு இருந்ததைத் திங்கட்கிழமை பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கொட்டினால் ஆளைத் தூக்கிவிடும் ஜாதி அது. வெயிலில் போனில் ஒன்றும் தெரியவில்லை என்று சசிரேகா முந்தானையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புங்கமரத்தாண்ட போம்மா, நெழல் நல்லா கீது” என்றேன்.

ஏழு பேர் போய் உட்கார்ந்தார்கள்.

ஒரே ஒரு மண்ணாங்கட்டிதான். எறிந்துவிட்டுத் தூரமாய்ப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டேன். மதகின்மேல் ஒரு கொக்கு நின்றிருந்தது. கத்தல் அடங்குகிறவரை அதையே பார்த்தேன். ஆதிமுத்து இருந்தால் அப்படித்தான் எடுத்திருப்பார்.

சசிரேகா அங்கேயே போய்விட்டாள். பிரிஸ்கில்லா மறுநாள். அவளும் போவாள் என்று நினைக்கவில்லை. ஆனாலும் அவள்தானே அதிகம் சிரித்தாள்.

மிச்சம் ஐந்து பேர் பெரிய ஆஸ்பத்திரியில் முகம் வீங்கிக் கிடக்கிறார்களாம். இமை திறக்கவில்லையாம். போன் பார்க்க முடியாது, பாவம். கையெழுத்து எங்கே போட வேண்டும், காட்டுங்கள். போட்டதும் ஒரு நடை என்னை அந்த வார்டுக்குக் கூட்டிப்போங்கள். காதுக்கு ஒன்றும் ஆகவில்லையே, பொழுது போகாமல் என்னைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.