ஆபத்து சைபர்

– இல்ல றொட்னி, நீயே வந்து பாரு. மண் ஈரம் பாக்கிற மொடியூலுக்குள்ள ஒண்டுமே இல்ல!

– சும்மா வெளையாடாத ஜெஸீமா. புசல்லாவைத் தோட்டத்துல அந்த மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி மூணு மாசமா ஓடிக்கிட்டு இருக்கு.

– ஓடுது, அதான் பயம். வேற தோட்டத்துக்குக் கொப்பி பண்ணத்தான் சிப்புக்கு எழுதின வெரிலொக் கோட்ட தொறந்தேன். நாலே வரிதான் ஈக்கு. எவ்வளவு மழை பேஞ்சாலும் ஒரே விடை: ஆபத்து சைபர்.

– ஐயோ… அது நான் தற்காலிகமா வெச்சதுல்ல? மேலருந்து கீழதானே டிசைன் பண்ணிக்கிட்டு வந்தோம். மொதல்ல முழுப் பெட்டி, அப்புறம் சைரன், விளக்கு. அடியில உள்ளத நீ எழுதி முடிக்கிற வரைக்கும் எடம் பிடிச்சு வெக்க ஒரு வெறும் மொடியூல்…

– நான் எழுதி அனுப்பினதானே! நோன்போட குந்தி எழுதினது!

– வந்துச்சு. அன்னைக்கே சிப்ல ஏத்தணும்னு அவசரம். கம்பியூட்டர்ல ஓட்டிப் பாத்த சிமியுலேஷன் பூரா பாஸ்னு காட்டிச்சு, நானும்…

– பாஸாகாம? வெறும் மொடியூல் எங்க பிழை காட்டுற? மாத்தவே இல்லியா நீ? யா அல்லாஹ்! இங்க குண்டசாலையிலயே மூணு நாளா மழை விடல்ல, அங்க எப்பிடியோ!

– என் அக்கா அந்தத் தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கு. இந்தா என் போன், நீ நம்பர அடி. ஸ்பீக்கர்ல போடு.

– ஹலோ, தம்பியா? நூறு ஆயுசுடா ஒனக்கு! இப்பதான் ஒன்னப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்.

– ஜூலி அக்கா, பேசாம கேளு. வீட்ட விட்டு வெளிய வா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு ஓடு, இப்பவே!

– என்னாடா இப்புடி பதறுற? ஒன் பெட்டியில பச்சைதானே எரியுது.

– அது எப்பவும் பச்சைதான்க்கா! மலையே எறங்கி வந்தாலும் பச்சைதான் எரியும்! நான் செஞ்ச பிழை!

– மாதாவே! டேய், முந்தாநாள்லருந்து எல்லாரும் கோயில்லதான்டா இருந்தோம். கிராம சேவகர் ஜீ.எஸ் ஐயா கூட இன்னும் வீட்டுக்குப் போகாதீங்கன்னாரு. என் தம்பி செஞ்ச பெட்டி பொய் சொல்லாதுன்னு, காலையில நாப்பது குடும்பத்தையும் லயத்துக்குத் திருப்பிக் கூட்டியாந்தவளே நான்தான்டா.