வெள்ளி அரணாக்கொடி

இன்னும் கிட்ட வந்து ஒக்காரு கண்ணு, உள்ள அந்த ஸ்கேன் மெஷினு தடதடன்னு அடிக்கிறதுல நான் பேசுறது எனக்கே கேக்கல. யாருக்கா? எந்தம்பி முனிவேலுக்குன்னுதான் ஓசூருலருந்து பெங்களூருக்கு மூணு பேரும் பஸ் ஏறுனோம். தம்பின்னாலும் மருமவனும் அவந்தான். எம்பொண்ணு பூங்கொடிய அவனுக்கே கட்டி வெச்சேன்.

எங்கப்பன் ஆஞ்சப்பன் பர்கூருல கல்லு ஒடைக்கிறவரு. நின்ன வாக்குல தல சுத்தி விழுந்து செத்தாரு. குடிச்சுட்டு விழுந்தான்னாங்க. சாராயத்த மோந்துகூடப் பாக்காத மனுசன்! அண்ணன் மாடசாமிக்கு ஒரு கண்ணு போச்சு, நட தள்ளாடுச்சு, நாப்பது வயசுல ஆளே போயிட்டான். சாமி குத்தம்னு நாங்க கெடா வெட்டுனதுதான் மிச்சம்.

போன மாசம் கம்பெனியில கண்ணு பாத்தாங்க. முனிவேலுக்கு உள்ளார செவப்பா ஒரு முடிச்சு இருக்குதுன்னாங்களாம். இவன் சொட்டு மருந்த ஜோப்புல போட்டுக்கிட்டு வந்துட்டான். பூங்கொடி விடல. எட்டாவதுதான் படிச்சவ, அந்த டாக்டரையே தேடிப் போயி, எங்க தாத்தன் இப்படிச் செத்தாரு, பெரிய மாமன் இப்படிச் செத்தாருன்னு ஒப்பிச்சிருக்கா. அப்பத்தான் அவரு நிமுந்து பாத்தாராம். இது பரம்பரையா எறங்குற கட்டிம்மா, கண்ணுல, மூளையில, கிட்னியில மொளைக்கும், சின்னதா இருக்கறப்பவே படம் புடிச்சுப் பாத்துட்டா பொழைக்க வெக்கலாம்னாரு. பேரு என்னமோ சொன்னாரு, எவ்வாயில நொழையல.

இங்க வந்தா, மெஷினு காந்தமாம், ஒடம்புல குண்டூசிகூட இருக்கக் கூடாதுன்னு நர்ஸம்மா கன்னடத்துல வெரட்டுது. இவன் இடுப்பப் புடிச்சுக்கிட்டான். வெள்ளி அரணாக்கொடி! பொணத்துக்குத்தாண்டி அத அறுப்பாங்க, நானென்ன செத்தா போயிட்டேன்னு பொண்டாட்டிய ஏசுறான். அவ ரோட்டுக்குப் போயி கறுப்புக் கயிறு வாங்கியாந்தா. மொதல்ல இதக் கட்டு மாமா, அப்புறம் வெள்ளிய அவுரு, ஒரு நொடியும் இடுப்பு வெறுசா இருக்காதுன்னா. அவன் கயித்தக் கட்டிக்கிட்டு, வெள்ளிய அவுத்துக் குடுத்துட்டு போயிப் படுத்தான்.

பின்மண்டையில நெல்லிக்கா அளவு ஒண்ணு இருக்குதாம். எடுத்துரலாங்கறாங்க. ஆமா, அவன் வெளிய வந்து அரமணி ஆச்சு, வாசல்ல குந்திக்கிட்டு இருக்கான். பின்ன உள்ள யாருங்கறியா?

அம்மா, நீ அவருக்கு அக்கா, தாத்தன் ரத்தம் ஒன் வழியா எனக்கும் எறங்கியிருக்கலாமே, நீ போயிப் படு, ஒனக்கில்லன்னா எனக்குமில்லன்னு பூங்கொடி சொன்னா. நியாயந்தான. அந்த மெஷினு குழா ஓட்டையப் பாத்ததும், மாட்டேன்டி, பாக்காம இருந்தா எதுவும் இல்லடின்னு இந்த பெஞ்சியப் புடிச்சுக்கிட்டேன். கண்ணு, பெத்தவ நான்.

அவ ரெண்டாந்தரம் கூப்புடல. கம்மலு, தாலி எல்லாத்தையும் தானே கழட்டி எம்மடியில போட்டா. நேரா போயி அந்தப் பலகையில ஏறிப் படுத்துக்கிட்டா.